அரக்கு கேட்டால் கத்தரிக்காய்

ஜூன் 3, செவ்வாய்

வீட்டில் உட்கார்ந்து இன்றோடு பதினோரு நாள். இருபத்தாறு வருடம் சாய ஆலையின் ஷேடு பதிவேட்டில் தினமும் எழுதிய கை, எழுதாமல் இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த நோட்டு. எழுத விஷயமா இல்லை? வயிறு எரிகிறது, அதையே எழுதலாம்.

நாலாயிரம் மீட்டர் சீருடைத் துணி. கேட்டது அரக்கு நிறம், காய்ந்து வந்தது கத்தரிக்காய் நிறம். தொட்டியிலிருந்து எடுத்த ஈரத் துண்டை விளக்கில் பார்த்து நான்தான் சரி சொன்னேன். ஈரத்தில் அரக்காகத்தான் இருந்தது. காய்ந்ததும் மாறினால் நீலப் பொடி அதிகம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பொடியை எடை போட்டுக் கொடுத்தது யார்? தராசு. அவளுக்கு ஆலையில் அதுதான் பெயர். பதினெட்டு வருடமாக ஒரு கிராம் பிசகாதவளாம். நான் இரண்டு முறை நீலம் சேர்க்கச் சொன்னேன், அவள் அள்ளிக் கொட்டியிருக்கிறாள். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சரி. என்னை எதற்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டும்? "விசாரணைன்னு ஒண்ணு இருக்கே, இருபத்தேழாம் தேதி வாங்க, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்கிறார் மேலாளர். அடுத்தவள் செய்த தப்புக்கு நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

கீழ் வீட்டில் அக்கா. மூன்று வருடமாகச் சமையலறையிலேயே மெழுகுவத்தி காய்ச்சிக் கடைகளுக்குப் போடுகிறாள். எல்லாம் நோயாளி நிறங்கள். வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை. இப்போது ஒரு ஹோட்டல்காரம்மா உயரமான வத்தியாக அறுபது கேட்டிருக்கிறாராம். மேசை விரிப்போடு பொருந்த வேண்டும் என்று ஒரு துணித் துண்டும் கொடுத்திருக்கிறார். அரக்கு நிறம். எனக்கென்று வந்து சேர்கிறது.

அக்கா போட்டுப் பார்த்ததெல்லாம் ரோஸ். குழந்தைகள் வரையும் க்ரேயானை உடைத்துப் போட்டிருக்கிறாள். கேக்குக்கு ஊற்றும் நிறத்தை ஊற்றியிருக்கிறாள், அது மெழுகோடு சேராமல் அடியில் முத்து முத்தாக உட்கார்ந்திருக்கிறது.

"தண்ணில கரையற சாயம் மெழுகுல எப்படிக்கா கரையும்?"

"எனக்கு என்னடா தெரியும்? நீதானே ஷேடு மாஸ்டர். சும்மாதானே உக்காந்திருக்கே, வந்து கலந்து குடேன்."

சும்மா உட்கார்ந்திருக்கிறேனாம். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 4, புதன்

எண்ணெயில் கரையும் சாயப் பொடி வாங்கி வந்தேன். சிவப்பு, நீலம், பழுப்பு. கூடவே மெழுகைக் கெட்டியாக்கும் வெள்ளைத் தூள். அது கொஞ்சம் சேர்த்தால்தான் நிறம் எடுத்துக் காட்டும்.

அக்காவின் க்ரேயான் வத்தியை அவள் கண் முன்னாலேயே ஏற்றிக் காட்டினேன். ஐந்து நிமிடம் எரிந்தது, பிறகு சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கி, தன் மெழுகிலேயே மூழ்கிச் செத்தது. க்ரேயானில் இருப்பது கரையாத பொடி, திரியைப் போய் அடைத்துவிடும் என்றேன்.

"இதை நேத்தே சொல்லியிருந்தா ஒரு டப்பா க்ரேயான் மிச்சம்" என்றாள். நன்றி என்ற வார்த்தை எங்கள் குடும்பத்திலேயே யாருக்கும் வராது.

ஜூன் 6, வெள்ளி

இன்று என் கைக்கு வேலை வந்தது. பதினான்கு நாளில் முதல் முறை.

சிவப்பை மட்டும் போட்டுக்கொண்டே போனால் ஆழம் வராது. சிவப்பு, இன்னும் சிவப்பு, அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் நல்ல சாயமும் திரியை அடைக்கும். ஆழம் வேண்டுமென்றால் சிவப்பின் துள்ளலை அடக்க வேறொரு நிறம் துளி விழ வேண்டும். அக்கா பழுப்பு என்றாள். பழுப்பு போட்டால் சேறு. நான் எப்போதும் நீலம்தான். துணியில் இருபத்தாறு வருடம் கேட்ட நீலம் மெழுகில் கேட்காதா?

வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்த மனைவியையும் பிடித்து உட்கார வைத்தேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் அவள், கை நிதானமானது. குட்டி எடை மெஷினில் எண் மங்கலாக எரிகிறது, என்னால் பானையை விட்டுவிட்டு அதை முறைத்துக்கொண்டிருக்க முடியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எடை போட்டுக் கொடுத்தாள். உருகிய மெழுகு எப்போதும் கறுப்பாகத்தான் தெரியும், ஏமாற்றும். ஒரு சொட்டை வெள்ளைச் சாசரில் விட்டு, ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். பார்த்தேன். இன்னும் கொஞ்சம் நீலம். பார்த்தேன். இன்னும் கொஞ்சம். கடைசியில் சாசரிலும் துணியிலும் ஒரே நிறம். ஆறு வத்தி வார்த்தோம்.

மேலாளர் வந்து பார்க்கட்டும், யாரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார் என்று.

ஜூன் 7, சனி

அச்சிலிருந்து எடுத்தோம். எடுத்ததும் அக்கா வாயைத் திறந்தாள்.

"என்னடா இது, கத்தரிக்காய் கலர்ல இருக்கு?"

கத்தரிக்காய். அந்த வார்த்தை. வேறு எந்தக் காயும் கிடைக்கவில்லையா இவளுக்கு? நடந்ததெல்லாம் தெரிந்துகொண்டே என் முகத்தில் எறிகிறாள். துணித் துண்டை ஒரு வத்தியில் சுற்றி நீட்டினேன். பார், எது துணி, எது மெழுகு, சொல். வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். "சத்தியமா கத்தரிக்காய்தான்டா" என்றாள். உன் வீட்டு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டேன். அதற்கு அவள் என் வாயைப் பற்றி ஒன்று சொன்னாள். நான் அவள் மறைந்த கணவரின் வாயைப் பற்றிச் சொன்னேன். அது சொல்லியிருக்கக் கூடாது.

மனைவி வத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அவள் சும்மா இருந்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

ஆறையும் ஹோட்டலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் சொல்லட்டும்.

ஜூன் 9, திங்கள்

அக்காவோடு பேச்சு இல்லை. படியில் எதிரே வந்தாள். இருவரும் சுவரைப் பார்த்தோம்.

ஜூன் 11, புதன்

ஆறும் திரும்பி வந்துவிட்டன. பெட்டிக்குள் ஒரு சீட்டு. "நிறம் அழகாக இருக்கிறது, ஆனால் நாங்கள் கேட்டது இதுவல்ல. ஊதா எங்களுக்கு வேண்டாம்."

ஊதாவா?

எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. மனைவி வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டேன். "நீ எடையில தப்பு பண்ணியிருக்கே. நான் மூணு தடவைதான் நீலம் கேட்டேன். நீ அள்ளிப் போட்டுட்டே."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நாள்காட்டியில் கிழித்த தாள், பின்பக்கம் அவளுடைய உருண்டைக் கையெழுத்து. ஒவ்வொரு முறை கேட்டதும் எழுதி வைத்திருக்கிறாள். அலுவலகப் பழக்கமாம்.

"ஏழு தடவை கேட்டீங்க. ஒவ்வொரு தடவையும் இன்னும் இன்னும்னு. ஏழாவது தடவை எனக்கே பயமா இருந்துச்சு."

"பொய். மூணு."

"இன்னைக்கு நான். அன்னைக்கு அவ." இதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். பிறகு போய்க் கை கால் கழுவினாள்.

என்ன அர்த்தம் இதற்கு? என்ன சொல்ல வருகிறாள் இவள்? ஏழா? நான் ஏழு முறையா கேட்டேன்?

ஜூன் 12, வியாழன்

வாயால் சண்டை போட்டு ஆகாது. வேலை தெரிந்தவன் ஏணி போட்டுத்தான் நிரூபிப்பான். லேபில் புதிதாக வருகிறவர்களுக்கு வைக்கும் சோதனை அது. ஒரே சிவப்பு, அதில் நீலத்தை ஒன்று ஒன்றாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பிறகு கலைத்துப் போட்டுத் திரும்ப வரிசையில் அடுக்கச் சொல்ல வேண்டும். அடுக்கத் தெரியாதவன் ஷேடு பார்க்க லாயக்கில்லை என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மனைவி லீவு போட்டாள். காகிதக் கப்பில் ஒன்பது வட்டு வார்த்தோம். முதலில் நீலம் இல்லாதது, கடைசியில் எட்டுச் சிட்டிகை. அடியில் எண். ஆறியதும் அவள் கலைத்துப் போட்டாள். ஜன்னல் ஓரம், நடுப்பகல், நல்ல வெயில். எந்தச் சாக்குக்கும் இடம் வைக்கவில்லை நான்.

அடுக்கினேன். முதல் மூன்று சுலபம். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரி அரக்கு, கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் அதிகக் கறுப்பு. பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. சரி என்று கையை எடுத்தேன்.

அவள் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு, ஐந்து, எட்டு, நான்கு, ஒன்பது, ஆறு.

திரும்பக் கலைக்கச் சொன்னேன். திரும்ப அடுக்கினேன். வேறு விதமாகத் தப்பு.

சத்தம் கேட்டு அக்கா மேலே வந்தாள். ஐந்து நாள் பேச்சில்லாதவள். உட்கார்ந்து, ஒன்பதையும் மளமளவென்று அடுக்கிவிட்டு எழுந்தாள், கீரை ஆய்ந்து வைப்பது போல. அத்தனையும் சரி.

சாசர் ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்தேன். இருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

கண் டாக்டர். இரண்டு கண்ணிலும் புரை. வெள்ளையாகப் படரும் வகை இல்லையாம், லென்ஸே மஞ்சளாகிப் பழுப்பாகும் வகை. "மெதுவா வர்றதால தெரியாது. நீலம், ஊதா எல்லாம் முதல்ல மங்கிடும். நீங்க ஒரு மஞ்சள் கண்ணாடி வழியா உலகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மூன்று வருடம் இருக்கும் என்றார். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், கவலைப்படாதீங்க என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூன் 14, சனி

நீலம் போட்டேன், எனக்கு இருட்டுவது மட்டும் தெரிந்தது, நீலம் தெரியவில்லை. அதனால் இன்னும் போட்டேன். தொட்டி ஓரத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. தராசு நான் கேட்டதைத்தான் போட்டிருக்கிறாள்.

இதை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஜூன் 16, திங்கள்

கீழே வேலை ஆரம்பமாகிவிட்டது. வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை, திறந்தேன். அக்கா பழுப்பைத் துளித் துளியாகச் சேர்த்தாள். சேறாகும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சேறாகவில்லை. துணியோடு பொருந்துகிறது என்று அவளும் மனைவியும் சொன்னார்கள். நான் நம்பித்தான் ஆக வேண்டும், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் அந்த அடர்த்திக்கு ஏற்றியதும் வத்தி எரிய மாட்டேன் என்றது. சுடர் சிணுங்கிச் சிணுங்கி அணைந்தது. தடித்த திரி போட்டோம், புகைந்தது. மனைவிதான் கேட்டாள்: "எரியறது உள்ள. பாக்கறது வெளிய. வெளிய மட்டும் கலர் இருந்தா போதாதா?"

இருபத்தாறு வருடக்காரனுக்குத் தோன்றவில்லை. துணியில் நூல் நடு வரைக்கும் சாயம் ஏற வேண்டும், மெழுகுக்கு எதற்கு? வெள்ளை வத்தி வார்த்து, அடர்ந்த அரக்கில் நான்கு முறை முக்கி எடுத்தோம். முக்கி, ஆற வைத்து, முக்கி. சூட்டை அளப்பதும் நேரம் பார்ப்பதும் என் வேலை. அதற்கு இந்த மட்டமான கண் போதும்.

முதல் வத்தி கடைசி வரை எரிந்தது. அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். மச்சானைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அவருக்கும் வாய் ஜாஸ்திதான்டா" என்றாள்.

ஜூன் 19, வியாழன்

அறுபதும் போய்ச் சேர்ந்தன. ஹோட்டல்காரம்மா இன்னும் நாற்பது கேட்கிறாராம். வீட்டில் சந்தோஷம். எனக்கு ஒட்டவில்லை.

மனைவி கேட்டுவிட்டாள். "இருபத்தேழாம் தேதி என்ன சொல்லப் போறீங்க?"

எரிந்து விழுந்தேன். உனக்கு என்ன, உன் வேலை பத்திரமாக இருக்கிறது என்றேன். கண் தெரியாத ஷேடு மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆபரேஷன் செய்துகொண்டு பேசாமல் போனால் யாருக்குத் தெரியப் போகிறது? மேலாளருக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. தராசுக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "நான் கேள்விதானே கேட்டேன்."

ஜூன் 22, ஞாயிறு

தராசின் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. ஒரு துணி வெளுக்கும் கடைக்கு வீட்டிலேயே இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். கட்டிலெல்லாம் அடுத்தவர் சட்டைகள். உட்காரச் சொல்லவில்லை, இஸ்திரிப் பெட்டியையும் கீழே வைக்கவில்லை.

சொன்னேன். புரை, நீலம், ஏணி, எல்லாவற்றையும். தப்பு உன் மேல் இல்லை என்றேன்.

"அது எனக்குத் தெரியும் சார்."

"எனக்குத் தெரியாம போச்சும்மா."

"ஆறு தடவை கேட்டீங்க. நாலாவது தடவையே சொன்னேன், சார் நீலம் ஏறிடுச்சுன்னு. என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதுவரை இல்லை, அவள் கேட்டதும் வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது சொன்னேன்: உன் வேலை எடை போடறது, கலர் பாக்கறது இல்ல.

"கண்ணு போனது உங்க தப்பு இல்ல சார். அது யாருக்கும் போகும். நான் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? அப்புறமும் பேப்பர்ல ரெண்டுன்னு எழுதினீங்க."

நான் ரெண்டு என்றே நம்பித்தான் எழுதினேன் என்று சொல்ல வந்தேன். அது அவளுக்கு எதற்கு?

"சொல்லிட்டீங்கல்ல, கெளம்புங்க. துணி காத்துக்கிட்டிருக்கு."

படி இறங்கும்போது அவள் மேல் கோபம் வந்தது, ஆமாம், வந்தது, எழுதித்தான் ஆக வேண்டும். வீடு தேடிப் போனவனை நிற்க வைத்துப் பேசி அனுப்பினாளே என்று. தெருமுனை வரைக்கும் அந்தக் கோபம் தாங்கியது. பிறகு கோபப்பட யாரும் மிச்சமில்லை, நான் மட்டும்தான்.

ஜூன் 27, வெள்ளி

விசாரணை. மேலாளர் அறை. காகிதம் தயாராக இருந்தது, கையெழுத்துக்கு இடம் விட்டு. என் தப்பு என்றேன். டாக்டர் சீட்டை வைத்தேன். ஆறு முறை கேட்டேன், அவள் தடுத்தாள், நான் கேட்கவில்லை என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். "எதுக்கு இதைப் பெருசு பண்றீங்க? ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க, சீட் அப்படியே இருக்கு. அந்தம்மா விஷயம் முடிஞ்சு போச்சு."

"முடியல சார்."

"இதை எழுதிக் கொடுத்தா உங்களை ஷேடு பாக்க விட முடியாது. யோசிச்சுக்கோங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? இந்த ஆள் என் மேல் உள்ள அன்பினாலா சொல்கிறார்? ஒருத்தியை வெளியே தள்ளியாகிவிட்டது, திரும்பக் கூப்பிட்டால் இவர் முகம் என்ன ஆவது, அதுதான் கவலை. மேசையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் டம்ளர் உருண்டு தயாராக இருந்த காகிதம் நனைந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. வேறு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, என் கையால் இரண்டு பக்கம் எழுதினேன்.

ஜூலை 10, வியாழன்

வலது கண் முடிந்தது. கட்டுப் பிரித்ததும் மனைவியின் சேலையைப் பார்த்துப் புதிதா என்று கேட்டேன். நான்கு வருடமாகக் கட்டுகிறாளாம்.

ஜூலை 31, வியாழன்

இடது கண்ணும். தராசை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஆலையிலிருந்து போன் வந்தது. என்னை ஷேடு பார்ப்பதிலிருந்து எடுத்துவிட்டார்களாம். வேண்டுமானால் சாயக் கிடங்கிலிருந்து தொட்டிக்குப் பொடி வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இருக்கிறது, செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து வரலாமாம். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு வாளி தூக்க.

மாட்டேன் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

முதல் நாள். என் இடத்தில் இப்போது ஒரு பெண் ஷேடு பார்க்கிறாள், நன்றாகவே பார்க்கிறாள். சீட்டை என்னிடம் நீட்டும்போது கூசினாள். வாளியோடு கிடங்கு ஜன்னலில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் நான்கு பேர்.

தராசு சீட்டை வாங்கிப் படித்தாள். நீலம், நூற்றிருபது கிராம். எடை போட்டாள். பொடியை என் வாளியில் கொட்டாமல், மெஷினை அப்படியே என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"படிங்க."

சார் இல்லை. படித்தேன். நூற்றிருபது.

"சத்தமா."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எண் பளிச்சென்று தெரிந்தது. சத்தமாகப் படித்தேன்.